இதர

ஐந்து ரோட்டில் நாலாவது மாடி. மார்ச் இருபத்தெட்டு.
ஏசி ஓடியும் விரல் ஒட்டுகிறது கீபோர்டில்.
தலைமை அலுவலகம் எங்களுக்குத் தந்தது
அறுநூற்றுப் பன்னிரண்டு குறியீடுகள், ஒரு வாரம்,
ஒரு பெட்டி மேரி பிஸ்கட்.

ஆத்தூரில் மூட்டை என்றால் தொண்ணூறு கிலோ.
ஏற்காட்டில் ஐம்பது.
சங்ககிரி ஷெட்டில் மூட்டையே கிடையாது,
அங்கே எல்லாம் நடை:
போன நடை, வந்த நடை,
வெறும் வண்டியாய்த் திரும்பிய நடை.
மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டுங்கள் என்றார்
பெங்களூரிலிருந்து வந்த கிரிதர்.
கூட்டினேன். ஓர் எண் வந்தது.
எதனுடைய எண் என்று யாராவது கேட்டால்
கம்பெனியுடையது என்றுதான் சொல்ல வேண்டும்.

நானும் வாங்கப்பட்டவள்தான்.
ஆத்தூர் ஸ்டார்ச் மில் விலைபோன வருடம்
இரண்டு கொதிகலன், ஓர் எடைமேடை,
பதினெட்டு லட்சம் வராக்கடன்
இவற்றோடு பட்டியலில் வந்து சேர்ந்தேன்.
புளித்த கிழங்குப்பால் வாசம்
ஆறு மாதம் தலைமுடியை விடவில்லை.
அங்கே நான் ஏழாம் நம்பர்.
இங்கே 300412.
சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று செங்கோடனை ஒன்றாக்கினேன்.
மூன்று புத்தகத்தில் மூன்று ஆளாக இருந்தார்,
ஒன்றில் இனிஷியலோடு, ஒன்றில் லாரி சர்வீசாக,
ஒன்றில் வெறும் 'சங்ககிரிக்காரர்'.
ஆத்தூர் அவருக்குத் தர வேண்டியது நாற்பத்தோராயிரம்.
சங்ககிரிக்கு அவர் தர வேண்டியது
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
ஏற்காட்டில் நேர்.
போன் போட்டுச் சொன்னேன்.
"அதானே பார்த்தேன்" என்றார்.
"ஒரு கையில வக்கீல் நோட்டீசு, இன்னொரு கையில தீபாவளி ஸ்வீட்டு.
எந்தக் கை நெசம்னு தெரியாம
ரெண்டையும் பீரோவுல வெச்சுட்டேன்.
ஸ்வீட்டு கெட்டுப்போச்சுங்க."

மிச்சம் ஏற்காடு.
மெயிலுக்குப் பதில் வராது,
போன் எடுத்தால் மழை என்பார்கள்.
இருபது கொண்டை ஊசி. பதினாலாவதில் வாந்தி.
காப்பித் தோட்டத்துக் காஷியர் பெலிசிட்டா
தண்ணீர் கொடுத்தாள், ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு
லெட்ஜரை என் பக்கம் திருப்பினாள்.
பறிகூலி. கவாத்து. நிழல்மரம். மிளகுக்கொடி.
காட்டெருமை.

காட்டெருமையா?

"வேலி, நாத்து, ஒரு தடவ ஜீப்பு.
எல்லாம் அது பேர்லயே எழுதிருவோம்.
மூணு வருஷமா ஒண்ணேதான் வருது.
இடது கொம்பு மழுங்குனது."
போன வருடம் மட்டும் அறுபத்திரண்டாயிரம்.
ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும்
அது வந்த நேரம் பென்சிலில்.

அறுநூற்றுப் பன்னிரண்டிலும் தேடினேன்.
பழுதுபார்ப்பு உண்டு. திருட்டு உண்டு.
இயற்கைப் பேரிடர் உண்டு.
கிரிதரைக் கூப்பிட்டேன்.
5990 என்றார். இதர.

அங்கே ஏற்கெனவே கூட்டம்:
ஆத்தூர் மில்லின் ஆடிப்பெருக்குப் பொங்கல்,
ஷெட் நாயின் பொறை,
கிளீனரின் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்து
திரும்பக் கேட்காமலே விட்ட நாலாயிரம்.
காட்டெருமையும் தலை குனிந்து உள்ளே போயிற்று.

கிளம்பும்போது ஜன்னலைக் காட்டினாள்.
சரிவு முழுக்கக் காப்பிப் பூ,
யாரோ அரிசி மாவைக் கொட்டிவிட்டு ஓடியதுபோல.
"உங்களுக்கு வருஷம் முடியுது.
எங்களுக்கு மழை பெஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு."
தேதியைத் திருத்த வாயெடுத்தேன்.
வண்டி ஹாரன் அடித்தது.

முப்பத்தொன்று இரவு பதினொன்றே முக்காலுக்கு
இரண்டு பக்கமும் சமமாயின.
கிரிதர் கை தட்டினார். பிஸ்கட் பெட்டியில் தூள்தான் மிச்சம்.

காலையில் பெலிசிட்டாவின் மெசேஜ்:
ராத்திரி மறுபடி வந்துச்சு. பன்னெண்டரைக்கு.
பதினோரு நாத்து. எந்தக் குறி?

புதிய வருடத்தின் முதல் பதிவு.
5990.
விவரப் பத்தி நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
அடித்துப் பார்த்தேன், அழித்தேன், சுருக்கினேன்:
கா.எருமை, இ.கொம்பு மழுங்கல், 12.30.